தானாகவே இறங்கினார்

கோவை விமான நிலையத்தின் சரக்குப் பிரிவுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். கப்பலில் அனுப்ப நேரமில்லாமல் போன பனியன் பெட்டிகளை, முதலாளி தலையில் அடித்துக்கொள்ள, விமானத்தில் ஏற்றி அனுப்புவதற்காகப் போன பயணங்கள் அவை. அந்தக் கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் எப்போதும் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருக்கும் ஊழியர், எடை போடும் மேடை எல்லாமே எனக்குப் பழக்கம். அதே ஜன்னலில், அதே மாதிரியான ஒரு தாளில், என் சித்தப்பா தன் மகனைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட காலைதான் அவரை நினைத்தாலே முதலில் கண்முன் வந்து நிற்கிறது. சரக்கின் விவரம் என்ற கட்டத்தில் மனித உடல் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் மொத்த எடை. சித்தப்பா அந்த எடையை விரலால் தொட்டுக் காட்டி, "இது பொட்டியோட சேத்தியா, அம்மிணி?" என்று என்னைக் கேட்டார். ஆமாங்க சித்தப்பா என்றேன். "அப்ப ரொம்ப எளைச்சுப் போயிருக்கறான்" என்றார்.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. இளமையில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மேனேஜராக இருந்தவர். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில் அந்த வேலை போய்விட, பல்லடம் ரோட்டில் தகரக்கூரை போட்டு ஒரு சின்ன யூனிட் வைத்துக்கொண்டார். பெரிய கம்பெனிகள் தைத்து அனுப்பும் பனியன்களைச் சரிபார்த்து, பிசிறு வெட்டி, அயர்ன் செய்து திருப்பி அனுப்பும் வேலை. வாய்த் துடுக்கு அதிகம். யாரையும் சும்மா விடமாட்டார். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் எனக்குக் ‘கம்ப்ளையன்ஸ்’ வேலை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்களின் ஆய்வாளர்கள் வரும்போது, தீப்பிடித்தால் ஓடுவதற்கான கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, விபத்துப் பதிவேடு இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதையெல்லாம் காட்ட வேண்டும். அதனால் சித்தப்பா எனக்கு ‘ஆடிட்டு அம்மிணி’ என்று பேர் வைத்துவிட்டார். குடும்ப விசேஷங்களில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "ஆடிட்டு அம்மிணி வந்தாச்சு, எல்லாரும் கையுறை மாட்டிக்கிட்டுச் சாப்புடுங்க" என்று சத்தம் போடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். அவருடைய மகன், என் தம்பி முறை, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பான்.

எங்கள் கம்பெனி விபத்துப் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஒன்றுமே இருக்காது. விரலில் ஊசி ஏறுவதும், அயர்ன் டேபிளில் கை பொசுங்குவதும், மாடிப்படியில் எண்ணெய் சிந்தி யாராவது வழுக்கி விழுவதும் நடந்துகொண்டுதான் இருக்கும். எழுதமாட்டார்கள். எழுதினால் ஆய்வுக்கு வருகிறவர் புருவத்தைத் தூக்குவார். காலியாக இருந்தால் புன்னகைத்து டிக் போடுவார். எழுதினால்தானே அடுத்தவர் வழுக்காமல் இருப்பார் என்று நான் சண்டை போடுவேன். "நீங்க சொல்றது சரிதானுங்க மேடம், ஆனா நமக்கு ஆர்டரும் வேணுமில்லீங்களா?" என்பார் என் மேலதிகாரி. இந்த ஊரில் எந்தச் சண்டையும் அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

தம்பி பனியன் தொழிலுக்கு வரமாட்டேன் என்று சிறு வயதிலேயே சொல்லிவிட்டான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு, சரக்குக் கப்பலில் கடைநிலை மாலுமியாக வேலைக்குச் சேர்ந்தான். சித்தப்பாவுக்கு உள்ளுக்குள் பெருமை, வெளியில் கேலி. "நொய்யல்ல கணுக்கால் நனையற அளவுக்குத் தண்ணி பாத்ததில்ல, இவன் சமுத்திரத்தத் தாண்டப் போறானாமா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலிலிருந்து தம்பி அனுப்பும் படங்களை யூனிட்டில் வேலை செய்யும் பெண்களிடமெல்லாம் காட்டுவார். துறைமுகம் வந்தால் மட்டும்தான் அவனால் பேச முடியும். அதனால் சித்தி போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டாள்.

செய்தி வந்தது சென்னையில் இருந்த ஏஜென்ட் மூலமாக. வேலைக்கு ஆள் பிடித்து அனுப்பியவர் அவர். கப்பல் மரத்தடிகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. துறைமுகத்தை நெருங்கும் சமயத்தில், சரக்கறைக்குள் போகும் சின்ன வாயில் வழியாகத் தம்பி ஏணியில் இறங்கியிருக்கிறான். இறங்கியவன் மேலே வரவில்லை. எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வெட்டிய மரம் மூடிய அறைக்குள் நாள்கணக்கில் கிடந்தால், அங்கிருக்கும் பிராணவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடும். நாற்றம் இருக்காது, புகை இருக்காது. இறங்குகிறவன் ஓரிரு மூச்சு இழுப்பான், விழுந்துவிடுவான். கருவி வைத்துக் காற்றைச் சோதித்த பிறகே ஆளை இறக்க வேண்டும் என்பது விதி. கடல் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியுமாம். தெரிந்துமே, ஒரு கப்பலில் ஒருவன் விழுந்த மாதிரியே இன்னொரு கப்பலில் இன்னொருவன் விழுகிறான். முதல் கப்பலில் உண்மையில் என்ன நடந்தது என்பது இரண்டாவது கப்பலுக்கு ஒருபோதும் போய்ச் சேர்வதில்லை. போய்ச் சேர்வதெல்லாம் செத்தவன் கவனக்குறைவானவன் என்ற செய்தி மட்டும்தான். நாம் கவனமாக இருக்கிறோம், நமக்கு ஒன்றும் ஆகாது என்று அந்த இரண்டாவது கப்பலில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

பணத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கம்பெனி தர வேண்டியதைத் தந்தது. சித்தப்பாவுக்கு வேண்டியிருந்தது வேறு. மகன் ஏன் அங்கே இறங்கினான் என்று தெரிய வேண்டும். சித்திக்கு அது சோற்றைவிட முக்கியமாகிவிட்டது. "அவன் சொன்னாக் கேக்கற பையன். சொல்லாம ஒண்ணும் பண்ண மாட்டான். ஆரோ சொல்லித்தான் எறங்கியிருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா என் வீட்டுக்கு வருவார். அவர் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் மெயில் அடிப்பேன். யாருக்கு அனுப்புவது என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கப்பலின் சொந்தக்காரர் ஒரு நாட்டில். அதை நடத்தும் கம்பெனி இன்னொரு நாட்டில். கப்பல் பறக்கவிடும் கொடியோ, அதில் இருந்த ஒருவரும் கால் வைத்தேயிராத ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டினுடையது. கொடி யாருடையதோ அந்த நாடுதான் விபத்தை விசாரிக்க வேண்டுமாம். "காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டுல ஒரு பொட்டி காணாமப் போனாக்கூட எந்த ஸ்டேஷனுக்குப் போறதுன்னு தெரியும். என்ற பையனுக்கு எந்த ஸ்டேஷன் அம்மிணி?" என்று கேட்டார்.

எத்தனை மெயில்கள் போட்டோம் என்று நான் எண்ணவில்லை. விசாரணை நடக்கிறது, பொறுங்கள் என்று பதில் வரும். விசாரிக்கிறவர் கப்பலுக்குப் போனாரா, யார் யாரைக் கேட்டார், அந்தக் காற்றுச் சோதிக்கும் கருவி கப்பலில் இருந்ததா, இருந்தால் வேலை செய்ததா என்று எழுதிக் கேட்டால் மட்டும் பதில் வராது. செத்தவனின் வீட்டாருக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவேயில்லை. கப்பல் அதற்குள் பல துறைமுகம் போய்விட்டது. அதில் இருந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஆளுக்கொரு நாட்டுக்குப் பிரிந்துவிட்டார்கள். எங்களிடம் தம்பியின் துணிப்பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது. சித்தி அதிலிருந்த துணிகளைத் துவைக்கவேயில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா என் வீட்டில் இருக்கும்போதே அறிக்கை வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட மிக மெலிதாக இருந்தது. கப்பலின் நீளம், அகலம், எந்த ஆண்டில் கட்டியது என்பதெல்லாம் விரிவாக இருந்தன. தம்பியைப் பற்றி இருந்தது கொஞ்சம்தான். நான் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். யாருடைய அனுமதியும் இல்லாமல், எவரும் பணிக்காமல், தானாகவே உள்ளே இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்று முடித்திருந்தார்கள். சித்தப்பா என்னை நிறுத்தினார். "அந்த வரிய மறுக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். "தானாகவேன்னா இருக்குது? நீயாச் சேத்திச் சொல்றியா?" என்று கேட்டார். அப்படித்தான் இருக்குதுங்க சித்தப்பா என்று திரையைக் காட்டினேன். அவருக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்திருந்த காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். பெற்ற மனம் எரிகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது வேறு என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் மெயில் அடிக்க வரவில்லை. கேலியெல்லாம் நின்றுபோயிற்று. என்னால்தான் விட முடியவில்லை. தம்பியோடு அதே கப்பலில் வேலை பார்த்த தூத்துக்குடிப் பையன் ஒருவனை, இருவரும் சேர்ந்து எடுத்திருந்த படங்களை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தேன். முதலில் பேசவே மாட்டேன் என்றான். அப்புறம் ஒருநாள் மதியம், அவனே கூப்பிட்டான். நான் அப்போது சித்தப்பாவின் யூனிட்டில் இருந்தேன். பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பாய்லர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பாவும் பக்கத்தில் இருக்கிறார் என்று அவனிடம் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு, அயர்ன் டேபிள் மேல் வைத்தேன்.

அவன் அழுதுகொண்டே பேசினான். "அவன் தானா எறங்கல, அங்கிள். துறைமுகம் போறதுக்குள்ள கீழ சுத்தமா இருக்கணும்னு சீஃப் ஆபீசர்தான் எறங்கச் சொன்னாவ. காத்து பாக்குற மெஷினு ரிப்பேரு. அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முந்தின தடவையும் ஒருத்தன் கீழ போயி தலை சுத்தி மேல வந்துட்டான். அத யாரும் எழுதல. எழுதியிருந்தா மெஷினையாவது மாத்தியிருப்பாவ."

அந்த முந்தின தடவைதான் எனக்கு மனதில் தைத்தது. ஒருவன் தலை சுற்றி மேலே வந்திருக்கிறான். அன்றைக்கே யாராவது அதை எழுதிக் கொடுத்திருந்தால் எங்கள் வீட்டுப் பையன் இப்போது இருந்திருப்பான். ஒன்றும் ஆகவில்லை என்பதால் அதை விட்டுவிட்டார்கள். எங்கள் கம்பெனியின் வெற்றுப் பதிவேட்டைப் போல அந்தக் கப்பலின் பதிவேடும் சுத்தமாக இருந்திருக்கும். அதைப் பார்த்து யாரோ புன்னகைத்து டிக் போட்டிருப்பார்கள்.

"இதை விசாரிச்சவங்ககிட்டச் சொன்னியா, கண்ணு?" என்று சித்தப்பா கேட்டார்.

"கேப்டன் பக்கத்துலயே உக்காந்திருந்தாவ, அங்கிள். எப்படிச் சொல்லுவேன்? யார் மேல தப்புன்னுதான் கேட்டாவ. அவன் தானாத்தான் எறங்கினான்னு எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன்."

"சரி, இப்பவாச்சும் எழுதிக் குடு சாமி. ஒரே ஒரு காயிதம். நாங்க பாத்துக்கறோம்."

"நா சொன்னேன்னு சொல்லிராதீய, அங்கிள். அடுத்த கப்பல்ல என்னை ஏத்த மாட்டாவ. வீட்ல தங்கச்சிமாரு இருக்காவ" என்றான். போன் அணைந்துவிட்டது.

எனக்கு அந்தப் பையன் மேல் கண்மண் தெரியாத கோபம் வந்தது. கூடப் படுத்து எழுந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன், ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுக்கக்கூடாதா என்று கத்தினேன். சித்தப்பா என்னோடு சேர்ந்து கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அயர்ன் டேபிளில் கிடந்த ஒரு பனியனை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "அவனத் திட்டாத அம்மிணி. அவன் பண்ணுனதத்தான் நானும் பண்ணியிருக்கறேன்" என்றார்.

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. அவர் மேனேஜராக இருந்த சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மோட்டார் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கிச் சேற்றை வாரித்தான் சரிசெய்ய வேண்டும். ஒருநாள், மறுநாள் அனுப்ப வேண்டிய துணி சாயத்தில் நிற்கும்போது மோட்டார் நின்றுவிட்டது. தேனிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து வேலை செய்துகொண்டிருந்த ஒருவரைச் சித்தப்பா கூப்பிட்டு, சீக்கிரம் இறங்கி எடுத்துவிடு என்று சொன்னார். அந்த ஆள் மூடியைத் திறந்து, கண்ணு ஒரு மாதிரி காந்துதுங்க என்று தயங்கியிருக்கிறார். ஒன்றும் ஆகாது, இறங்கு என்று சித்தப்பா மறுபடி சொன்னார். இறங்கினார், விழுந்தார், அவ்வளவுதான். எங்கள் பகுதியில் இப்படி ஏதாவது நடந்தால் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ் வருவதற்கு முன்பே ஆபீஸ் அறையில் முதலாளியும் நாலு பெரிய மனிதர்களும் உட்கார்ந்து ‘பேசி முடித்து’ விடுவார்கள். குடும்பத்துக்கு என்ன கொடுப்பது என்பதோடு, என்ன நடந்தது என்பதையும் அங்கேதான் முடிவு செய்வார்கள். பட்டறையை மூடிவிட்டால் இத்தனை குடும்பம் என்ன செய்யும் என்று ஒருவர் கேட்பார். அதோடு எல்லோருக்கும் மனசாட்சி சமாதானமாகிவிடும். செத்தவர் எப்போதாவது குடிக்கிறவர். அது வசதியாகப் போயிற்று. "குடிச்சுட்டு, ஆரும் சொல்லாம, தானாவே எறங்கீட்டான்னு நாந்தான் அம்மிணி போலீசுக்குச் சொன்னேன். நான் சொன்னத அப்புடியே எழுதிக்கிட்டாங்க" என்றார் சித்தப்பா. "அந்த வரிய நீ அன்னைக்குப் படிக்கறப்போ, நான் சொன்னத யாரோ என்கிட்டயே திருப்பிச் சொல்ற மாதிரி இருந்துச்சு."

எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டிய மனிதர். எத்தனையோ முறை கேலி செய்து என்னை அழவைத்து, பிறகு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தியவர். அவர் அந்த அறையில் உட்கார்ந்து இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறார் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. கொஞ்ச நாள் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. போன் வந்தாலும் எடுக்கவில்லை. அவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த நாட்களில் நான் நிறையப் படித்தேன். கடல் விபத்துகளை நல்ல முறையில் விசாரிக்கிற நாடுகளும் இருக்கின்றன. அங்கே விபத்து எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கிறவர்கள் வேறு, யாரைத் தண்டிப்பது என்று பார்க்கிறவர்கள் வேறு. அந்த முதல் வகையினரிடம் ஒரு மாலுமி என்ன சொன்னாலும் அது அவனுடைய வேலைக்கு உலை வைக்காது. கப்பலின் சொந்தக்காரருக்கும் விசாரிக்கிறவருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருக்காது. தலை சுற்றியதையும், கால் வழுக்கியதையும், யாரும் சாகாமல் தப்பியதையும்கூட எழுதச் சொல்கிறார்கள், எழுதுகிறவனைத் தட்டிக்கொடுக்கிறார்கள். அறிக்கையை எல்லாக் கப்பல்களும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். இதெல்லாம் பெரிய ராக்கெட் வித்தை இல்லை. செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் வேண்டும். நான் பிறகு சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் தன் பாணியில் சுருக்கிச் சொன்னார்: "ஆரு மேல தப்புன்னு கேட்டா அத்தன பேரும் வாய மூடிக்குவாங்க. எப்புடி ஆச்சுன்னு கேட்டாத்தான் பேசுவாங்க. என்கிட்ட அன்னைக்கு ஒருத்தராச்சும் எப்புடி ஆச்சுன்னு கேட்டிருந்தா..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. சொல்லியிருப்பார் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

நானாகத்தான் மறுபடி அவரிடம் போனேன். அதற்குள் அவர் தொட்டியில் செத்தவரின் குடும்பத்தைத் தேட ஆரம்பித்திருந்தார். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. இனி அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று என் அப்பா உட்பட எல்லோரும் அவரைத் தடுத்தார்கள். சித்தி மட்டும் தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க. நம்ம பையனுக்கு ஒருத்தரும் வந்து சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாச்சும் போயிச் சொல்லுங்க" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எப்படி மனது வந்தது என்று நான் இப்போதும் வியக்கிறேன். செத்தவரின் மனைவி குன்னத்தூரில் லைன் வீடு ஒன்றில் இருக்கிறார், அங்கேயே ஒரு பனியன் யூனிட்டில் பிசிறு வெட்டுகிறார் என்று கடைசியில் தெரியவந்தது.

சித்தப்பா இப்போது இல்லை. நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பியின் அறிக்கை இன்றுவரை ஒரு வார்த்தை மாறவில்லை. அந்தத் தூத்துக்குடிப் பையன் வேறொரு கப்பலில் எங்கேயோ இருக்கிறான். அவன் நன்றாக இருக்கட்டும்; இப்போது எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு சித்தப்பா என்னிடம், "நீ எங்க வேணும்னாலும் எழுது அம்மிணி. என்ற பேரையும் போட்டுக்கோ" என்றார். பேரைப் போட எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவர் இருந்தபோது ஒருநாள், நானும் அவரும் குன்னத்தூருக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "மேனேஜர் ஐயாவா! வாங்கய்யா" என்று பதறிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாங்கள் உட்காருவதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. "ஒங்க மகனக் கப்பல்ல பறிகொடுத்துட்டீகளாமே. யூனிட்ல பேசிக்கிட்டாக. நான் அன்னைக்குப் பூரா சோறு திங்கலய்யா. நல்ல மனுசனுக்கா இப்படி வரணும்னு அழுதேன்" என்றார். சித்தப்பாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

"அம்மா," என்றார் சித்தப்பா. "உங்க வீட்டுக்காரரு அன்னைக்குக் குடிக்கலீங்க."

"என்னய்யா சொல்றீக?"

"குடிக்கலீங்க. அவரா எறங்கவும் இல்லீங்க. மோட்டாரு அடைச்சுக்கிச்சு, எறங்கி எடுத்து உடுன்னு நாந்தான் சொன்னேன். காந்துதுங்கன்னு சொன்னாரு. நான் கேக்கல. அப்பறம் போலீசுலயும் நாந்தான் மாத்திச் சொன்னேன்."

அந்த அம்மா கத்துவார், அடிப்பார், அக்கம்பக்கத்தைக் கூட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் கையில் பிழிந்த துணி ஒன்று இன்னும் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் அவர் கால் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவரு படத்தக்கூட நான் மாட்டலய்யா," என்றார். "குடிச்சிட்டுப் போயி விழுந்த மனுசனுக்குப் படம் ஒரு கேடான்னு மாட்டல. பண்டிகைக்கு ஒரு வாழையில போடல. எம் புள்ளைய அடிக்கிறப்பெல்லாம் ஒங்கப்பன மாதிரி ஆயிராதன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். பள்ளிக்கூடத்துல அப்பன் எப்படிச் செத்தாருன்னு கேட்டா பாம்பு கடிச்சிருச்சுன்னு சொல்லுவான் எம் புள்ள. இன்னைக்கும் அப்படித்தான் சொல்லுறான். பொண்ணு வீட்டுலயும் அப்படித்தான் சொல்லியிருக்கான்."

சித்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அந்த அம்மா துணியைக் கொடியில் போட்டார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போனை எடுத்துக்கொண்டு வந்தார். எண்ணைத் தட்டிக் காதில் வைத்து, "தம்பி, வேலையில இருக்கியா? ஒரு நிமிசம் வெளிய வா. ஒருத்தர் பேசுவாரு" என்றார். பிறகு போனைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"எங்கிட்டச் சொன்னத அப்படியே அவங்கிட்டச் சொல்லுங்கய்யா. நான் சொன்னா நம்ப மாட்டான். செத்தவருக்காக ஆத்தா பரிஞ்சு பேசுதுன்னு நெனைப்பான்."

சித்தப்பா போனை இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் பக்கம் தறியோ தையலோ, ஏதோ எந்திரங்களின் இரைச்சல் கேட்டது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு குரல், "ஹலோ, யாரு?" என்றது.

"கண்ணு," என்றார் சித்தப்பா. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"கண்ணு, உங்கப்பாவத் தொட்டிக்குள்ள எறங்கச் சொன்னது நாந்தானுங்க."